மௌனம் சம்மதமா? சம்மத வயதுச் சட்டத்தின் கதை



முப்பத்து நான்கு வருடம் நீதிமன்ற ஊழியராகக் கட்டுகளைத் தூக்கி, வாய்தா எழுதி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் 'சட்டம் சார் தன்னார்வலர்' என்று ஒரு பணி உண்டு. சம்பளம் கிடையாது, போகிற நாளுக்கு ஒரு சிறு மதிப்பூதியம். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடும்பத் தகராறு என்று வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்போம். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்கவும் போவோம்.

யார் எந்தத் தலைப்பில் பேசுவது என்று பிரிக்கும்போது ஒரு தலைப்புக்கு மட்டும் யாரும் கை தூக்குவதில்லை. ஆணும் பெண்ணும் நெருங்குவதற்கு வேண்டிய சம்மதம் பற்றிய சட்டம் அது. 'போக்சோ' என்றால் இப்போது எல்லோருக்கும் புரிகிறது. அந்தத் தலைப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பேரன் பேத்தி எடுத்த கிழவன் பேசினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது ஒரு காரணம். இந்த வகை வழக்குக் கட்டுகளை வருடக்கணக்கில் கையில் வைத்திருந்தவன் என்பது இன்னொரு காரணம்.

எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஏன் சார் பதினெட்டு? இதை யார் முடிவு பண்ணாங்க?" நல்ல கேள்வி. பதில் சொல்ல நூற்றறுபது வருடம் பின்னால் போக வேண்டும். வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற அந்தக் கதையை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பத்து வயதில் தொடங்கியது

'சம்மத வயது' என்றால் என்ன? அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை 'சரி' என்று சொல்லியிருந்தாலும் சட்டம் அதைக் காதில் வாங்காது. கட்டாயப்படுத்தியதாகவே கொள்ளும்.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-ல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் இந்த வயது பத்து. ஆமாம், பத்துதான். கட்டிய மனைவிக்கும் அதே பத்து. சட்டம் எழுதிய ஆங்கிலேயர் நாட்டில் அப்போது பன்னிரண்டு. அங்கே 1875-ல் பதிமூன்றாகி, 1885-ல் பதினாறாக உயர்ந்தது. இங்கே பத்திலேயே நின்றது.

அதை அசைத்தவை இரண்டு பெண்களின் வழக்குகள்.

முதலாவது பம்பாய் ருக்மாபாயின் வழக்கு. பதினோரு வயதில் மணம் முடித்து வைத்தார்கள். அவர் தாய் வீட்டிலேயே தங்கிப் படித்தார். வளர்ந்த பிறகு, தன் மனம் ஒப்பாத அந்தக் கல்யாணத்தை ஏற்று வாழ வர முடியாது என்றார். கணவர் தாதாஜி பிகாஜி 1884-ல் வழக்குப் போட்டார். முதலில் விசாரித்த நீதிபதி பின்ஹே, விரும்பாத பெண்ணைக் கட்டாயப்படுத்தி அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் நிலைமை மாறியது. 1887-ல் வந்த தீர்ப்பு, கணவருடன் போய் வாழ வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்றது. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் கணவர் 2000 ரூபாய் பெற்றுக்கொண்டு சமாதானமானார். ருக்மாபாய் லண்டன் சென்று மருத்துவம் படித்து வந்து, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல வருடம் டாக்டராக இருந்தார்.

இரண்டாவது கல்கத்தாவின் பூல்மணி தாசி. பத்து, பதினோரு வயதுச் சிறுமி. கணவன் ஹரி மோகன் மைதிக்கு முப்பத்தைந்து வயது. முதலிரவில் ஏற்பட்ட காயத்தால் குழந்தை இறந்துபோனது. 1890-ல் வழக்கு நடந்தது. பத்து வயதைத் தாண்டியவள், அதிலும் மனைவி என்பதால் வன்புணர்ச்சிக் குற்றம் பொருந்தவில்லை. சிறிய பிரிவில் ஒரு வருடக் கடுங்காவல் கிடைத்தது, அவ்வளவுதான்.

நாடு அதிர்ந்தது. பார்சி பத்திரிகையாளர் மலபாரி 1884 முதலே பால்ய விவாகத்தை எதிர்த்து எழுதி வந்தார். 1891 மார்ச்சில் சம்மத வயது பன்னிரண்டாக உயர்ந்தது. இரண்டு வருடம் கூட்டியதற்கே பெரிய எதிர்ப்பு. அந்நிய அரசு நம் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்று திலகர் எதிர்த்தார். ரானடே ஆதரித்தார். நம் பக்கத்தில், திருவையாற்றில் பிறந்து 'இந்து', 'சுதேசமித்திரன்' பத்திரிகைகளை உருவாக்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் சீர்திருத்தக் கட்சி. விதவையான தன் மகளுக்கு 1889-லேயே மறுமணம் செய்து வைத்தவர் அவர்.

இந்தச் சண்டை முழுவதிலும் ஆண்கள் ஆண்களோடு ஒரு எண்ணைப் பற்றி வாதாடினார்கள். பத்தா, பன்னிரண்டா? 'எனக்கு இஷ்டமில்லை' என்று ருக்மாபாய் சொன்ன வார்த்தைக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை.

சாரதா சட்டமும் நம் வீடுகளும்

1891 சட்டம் கல்யாண வயதைத் தொடவில்லை. அதனால் குழந்தைக் கல்யாணம் சட்டப்படியே நடந்துகொண்டிருந்தது. கணித மேதை ராமானுஜனின் கல்யாணம் 1909 ஜூலையில், நம் குளித்தலைக்கு அருகே ராஜேந்திரம் கிராமத்தில் நடந்தது. அவருக்கு இருபத்தொன்று. மணப்பெண் ஜானகிக்குப் பத்து. சில வருடம் கழித்துத்தான் ஜானகி சென்னைக்குக் குடித்தனம் நடத்தப் போனார். அக்காலத்தில் அது சாதாரண விஷயம். சகோதரி சுப்பலட்சுமி பதினோரு வயதில் மணமாகி விரைவிலேயே விதவையானவர். படித்துப் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்குச் சென்னையில் விடுதி நடத்தினார்.

1925-ல் சம்மத வயது பதினாலானது. மனைவிக்கு மட்டும் ஒன்று குறைத்துப் பதிமூன்று. மனைவிக்கு ஒரு எண், மற்றவளுக்கு ஒரு எண் என்ற இந்தப் பாகுபாடு அடுத்த தொண்ணூறு வருடம் தொடர்ந்தது.

பிறகு வந்ததுதான் நம் பெரியவர்கள் வாயில் அடிபட்ட 'சாரதா சட்டம்'. சாரதா என்ற அம்மாள் கொண்டு வந்த சட்டம் என்று பலர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொண்டு வந்தவர் ஆஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சார்தா என்ற ஆண். பெண்ணுக்குப் பதினாலு, ஆணுக்குப் பதினெட்டு என்று கல்யாண வயதை 1929-ல் சட்டம் நிர்ணயித்தது. 1930 ஏப்ரல் 1 முதல் அமல்.

நம் மண்ணிலிருந்து இதற்கு வலுச் சேர்த்தவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1927-ல் சென்னைச் சட்டசபைக்குப் போன முதல் பெண்மணி. பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபத்தொன்று ஆக வேண்டும் என்று 1928-லேயே அங்கே தீர்மானம் கொண்டு வந்தவர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடும் பெண்ணுக்குப் பதினாறுக்கு மேல்தான் கல்யாணம் என்று சொன்னது.

சட்டம் அமலுக்கு வரும் முன்பே பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று நாடெங்கும் கல்யாணங்கள் அவசரம் அவசரமாக நடந்தன. அந்த அவசரம் 1931 மக்கள்தொகைக் கணக்கிலும் தெரிந்தது. சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும்தான். காரைக்காலும் பாண்டிச்சேரியும் பிரெஞ்சுக்காரர் கையில். மணப்பாறையிலிருந்து கிழக்கே விராலிமலை போனாலே புதுக்கோட்டை சமஸ்தானம். எல்லை தாண்டிப் போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பிடிபட்டாலும் ஒரு மாதம் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம் என்பதுதான் உச்சம். கல்யாணம் செல்லும்.

என் அப்பாயிக்கும் அந்தக் காலத்தில்தான் கல்யாணம். வயது பன்னிரண்டோ பதிமூன்றோ, அவருக்கே சரியாகத் தெரியாது. "கல்யாணத்துக்கு உங்களைக் கேட்டாங்களா அப்பாயி?" என்று வாலிப வயதில் ஒருநாள் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மாட்டக் கேட்டுக்கிட்டாடா கயித்த மாத்துறாங்க?" என்றார். மணப்பாறைச் சந்தை ஊர்க்காரிக்கு வேறு உவமை எதற்கு?

இந்தக் காலகட்டத்தில் நடந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்வேன். சம்மத வயதை ஆராய அரசு 1928-ல் ஜோஷி தலைமையில் ஒரு குழு போட்டது. ராமேஸ்வரி நேரு அதில் ஓர் உறுப்பினர். ஊர் ஊராகச் சாட்சியம் வாங்கி 1929-ல் அறிக்கை கொடுத்தார்கள். 1891-ல் அவ்வளவு சண்டை போட்டுக் கொண்டு வந்த சட்டம் இருப்பதே பெரும்பாலான மக்களுக்குத் தெரியவில்லை என்பது அந்தக் குழு கண்ட முக்கிய விஷயம். தெரியாத சட்டத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? என்னைப் போன்ற தன்னார்வலர்களுக்கு வேலை இருப்பதன் காரணமும் அதுதான். போக்சோ சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தை மக்களுக்கும் குழந்தைகளுக்கும் தெரியப்படுத்துவது அரசின் கடமை என்று தனியாகவே சொல்கிறது.

மதுரா வழக்கு

சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் சம்மத வயது பதினாறாக ஏறியது. மனைவிக்குப் பதினைந்து. கல்யாண வயது 1978-ல் பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று ஆனது. எண் ஏறிக்கொண்டே போனது. ஆனால் வயது வந்த பெண்ணின் சம்மதத்தை எப்படி அறிவது என்பதைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

அந்த ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது மதுரா வழக்கில். 1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைத்து வரப்பட்ட ஆதிவாசிப் பெண் மதுரா. வயது பதினாலிலிருந்து பதினாறுக்குள். இரவில் காவலர் இருவர் மீது புகார் எழுந்தது. செஷன்ஸ் நீதிமன்றம், அவள் சம்மதித்தாள் என்று விடுதலை செய்தது. உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, பயந்து பணிவது வேறு, சம்மதிப்பது வேறு என்று சொல்லித் தண்டித்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை என்று மறுபடி விடுதலை செய்தது.

பூட்டிய காவல் நிலையத்துக்குள் ஒரு ஏழைப் பெண் யாரைக் கூப்பிட்டுக் கூச்சல் போடுவாள்? உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-ல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. போலீஸ் காவல், சிறை, மருத்துவமனை போன்ற இடங்களில் பொறுப்பில் இருப்பவன் மீது புகார் வந்து, உடலுறவு நடந்தது நிரூபணமாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று பெண் சாட்சி சொன்னால், நீதிமன்றம் அவள் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். நிரூபிக்கிற சுமை எதிராளி பக்கம் போனது.

2012, 2013

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று நாம் பழமொழி சொல்வோம். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண் தலை குனிந்து நின்றால் 'பொண்ணுக்குச் சம்மதம்' என்று பெரியவர்களே சொல்லி வெற்றிலைத் தட்டை மாற்றிவிடுவார்கள். நான் கட்டுகளில் படித்த எத்தனையோ குறுக்கு விசாரணைகள் இந்தப் பழமொழியின் மேல்தான் நின்றன. ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை, ஏன் மறுநாளே சொல்லவில்லை?

டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பின் நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு ஒரு மாதத்துக்குள் அறிக்கை கொடுத்தது. அதையொட்டி 2013-ல் வந்த திருத்தம்தான் சம்மதம் என்றால் என்ன என்பதை முதன்முறையாகச் சட்டத்தில் எழுதி வைத்தது. குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு, சொல்லாலோ சைகையாலோ வேறு விதத்திலோ, சந்தேகத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து தெரிவிக்கும் இசைவே சம்மதம். உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் சேர்த்தது. 1860-லிருந்து கணக்குப் போட்டால் இதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் இது அப்படியே இருக்கிறது.

இதைப் பிள்ளைகளுக்கு நம் சந்தையை வைத்தே விளக்குவேன். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசுவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே வாய் பேச வேண்டியதில்லை, ஆனால் விரல் பேசியாக வேண்டும். எதிராளியின் விரல் அசையவில்லை என்றால் பேரம் படிந்ததாக எந்த வியாபாரியும் எடுத்துக்கொள்ள மாட்டான். பெண்ணை மாட்டோடு ஒப்பிடுவதாகக் கோபிக்க வேண்டாம். சைகைக்குத்தான் உவமை. சொன்னதும் பையன்கள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். பயமுறுத்தியோ, போதையிலோ, ஏமாற்றியோ வாங்கிய 'சரி' செல்லாது என்பதையும், ஒரு தடவை சொன்ன 'சரி' அடுத்த தடவைக்குச் செல்லாது என்பதையும் அத்தோடு சொல்லிவிடுவேன்.

வயது விஷயத்துக்கு வருவோம். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று அமலுக்கு வந்தது. பதினெட்டு நிரம்பாத எல்லோரும் குழந்தை. ஆண் பிள்ளைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பதினாறாக வைக்கலாமா என்று 2013-ல் டெல்லியில் பெரிய விவாதம் நடந்து, பதினெட்டே நிலைத்தது. மனைவி என்றால் பதினைந்து போதும் என்ற பழைய ஓட்டையை உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் அடைத்தது. பதினெட்டுக்குக் கீழே தாலி கட்டியிருந்தாலும் குற்றம் குற்றம்தான். பதினெட்டு தாண்டிய மனைவி விஷயத்தில் மட்டும் கணவனுக்கு உள்ள விலக்கு இன்றும் இருக்கிறது.

பதினேழு வயதுக் காதல்

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து நிற்கும். "சார், ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்குறேன். அந்தப் பொண்ணுக்குப் பதினேழு. அவளும் விரும்பித்தான்..." இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போகிறோம்.

இன்றைய சட்டப்படி அவள் விருப்பம் கணக்கில் வராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை பத்து வருடம். பெண் பதினாறுக்குக் கீழே என்றால், அல்லது கர்ப்பமாகிவிட்டால், குறைந்தது இருபது. கூட்டிக்கொண்டு போய்க் கோயிலில் தாலி கட்டினால் வழக்குத் தீராது, குழந்தைத் திருமணச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பையனும் பதினெட்டுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான்.

இது சரியா என்று நீங்கள் கேட்கலாம். நீதிபதிகளும் கேட்டிருக்கிறார்கள். பதினாறுக்கு மேற்பட்டவர்களின் இசைவான உறவைச் சட்டத்திலிருந்து விலக்குவது பற்றி யோசிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் 2019-ல் சொன்னார். காதலிக்கும் வளரிளம் பிள்ளைகளைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று 2021-ல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கையே ரத்து செய்தார். ஆனால் சட்ட ஆணையம் 2023-ல் தன் 283-வது அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம், பதினாறு முதல் பதினெட்டு வரையான வழக்குகளில் தண்டனையைத் தீர்மானிக்க நீதிபதிக்கு இடம் கொடுக்கலாம் என்றது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எண்ணைக் குறைத்தால் பதினாறு வயதுப் பிள்ளையை மிரட்டியவனும், சொந்தக்காரனும், 'அவளும் சம்மதிச்சா' என்று தப்பிப்பான். குறைக்காவிட்டால், சாதி விட்டுச் சாதி பழகிய குற்றத்துக்காக ஒரு பையனை இந்தச் சட்டத்தில் மாட்டிவிடப் பெண் வீட்டாருக்கு வழி இருக்கும். இரண்டு வகைக் கட்டுகளையும் நான் தூக்கியிருக்கிறேன். சம்மதம் என்ற சொல் இரண்டிலும் இருக்கும். அந்தப் பெண்ணை உட்கார வைத்துக் கேட்டவர்கள் யாரும் வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு

பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம். நமக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பேத்திக்கு மாமன் மகனை நிச்சயம் செய்ய இன்றும் நம் வட்டாரத்தில் ஆள் இருக்கிறார்கள். அந்தக் கல்யாணம் நடந்து, முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வயது தெரிந்துவிடும். குழந்தை மீதான குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்பதால் டாக்டர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். பையன் உள்ளே போவான். ஏற்பாடு செய்த பெரியவர்களும் பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போகாமல் வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய ஆபத்து. சிறுமியின் கர்ப்பத்தைக் கலைக்க நேர்ந்தால், அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது.

வீட்டில் ஒரு பிள்ளை 'அந்த மாமா வீட்டுக்குப் போக மாட்டேன்' என்றால் அடம் என்று அதட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். பிள்ளைகளே கூப்பிடலாம். வீட்டுச் சுவரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

உங்களில் யாராவது ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ செவிலியராகவோ இருந்தால் தன்னார்வலராக வரலாம். குறிப்பாகப் பெண்கள் வந்தால் நல்லது. பெண் பிள்ளைகள் என்னிடம் கேட்பதைவிட ஒரு டீச்சரிடம் அதிகம் கேட்பார்கள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, பயிற்சி கொடுப்பார்கள். நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.